பெட்டிக்கு முன்பே பிறந்த கறி: ஜப்பானியர் வீட்டுச் சாப்பாடும் நம் அடுப்பங்கரையும்



திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வரும். சீரகச் சம்பாவின் மணம் இல்லாத திருமணப் பந்தியை நம் பேகம்பூர்த் தெருக்களில் காண்பது அரிது. அந்த ஊரின் பிள்ளைகள் அண்மைக் காலமாக வேறொரு சோற்றைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கைப்பேசியில் அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களைப் பார்க்கிறார்கள். பள்ளி விட்டு வந்த சிறுவனுக்கு அவன் தாய் ஒரு தட்டை நீட்டுகிறாள். தட்டின் ஒரு பாதியில் வெள்ளைச் சோறு, மறு பாதியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் மிதக்கும் பழுப்பு நிறக் கெட்டிக் குழம்பு. "இது நம் ஆணம் மாதிரியே இருக்கிறதே, நம் வீட்டிலும் செய்யலாமே" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பெருநகரக் கடைகளிலும் இணையத்திலும் அந்தக் குழம்புக்கான கட்டி, சாக்லேட் பாளம் போலப் பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் நீண்ட பட்டியல் இருக்கிறது. சில பெற்றோர் அதைக் கண்டு அஞ்சி, "அதெல்லாம் நமக்கு ஆகாது" என்று முடித்துவிடுகிறார்கள். சிலர் படித்துப் பாராமலே வாங்கிவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அந்த உணவின் வரலாற்றை அறிந்தால் அவ்வழி தானே தெளிவாகும். பெட்டி நேற்று வந்தது. உணவு அதற்கு வெகு காலம் முந்தியது. நமக்கு ஐயம் தரும் பொருள்களில் பெரும்பாலானவை பெட்டியோடு சேர்ந்தவை. அந்த உணவின் வேர்களில் ஒன்றோ நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது.

கறி என்னும் சொல் கடல் கடந்த விதம்

ஜப்பானியர் இக்குழம்பைக் 'கரே' என்றும், சோற்றோடு சேர்த்துக் 'கரே ரைசு' என்றும் அழைக்கிறார்கள். அச்சொல் ஆங்கிலத்தின் வழியே அங்கே போனது. ஆங்கிலத்துக்கு அது போர்த்துக்கீசியர் வழியாகவும், போர்த்துக்கீசியருக்குத் தென்னிந்தியக் கடற்கரையிலிருந்தும் கிடைத்தது என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. சங்க இலக்கியத்தில் 'கறி' என்பது மிளகைக் குறித்தது. பின்னர் மிளகிட்டுச் சமைத்தவை யாவும் கறியாயின. காய்கறி, கறிவேப்பிலை என்று அச்சொல் கிளைத்தது. நம் வீடுகளில் 'கறி எடுத்தாச்சா' என்றால் ஆட்டிறைச்சியைத்தான் கேட்கிறோம். குழம்பை 'ஆணம்' என்கிறோம்.

மேற்குக் கரையில் மிளகு வாணிபம் அரபு வணிகர்களாலும் பின்னர் மாப்பிள்ளைமார், மரைக்காயர் போன்ற கடலோடிச் சமூகங்களாலும் நடந்தது. போர்த்துக்கீசியர் வந்து அதைப் பறிக்க முயன்ற காலத்தில்தான் அமெரிக்கக் கண்டத்தின் மிளகாய் நம் நாட்டுக்குள் நுழைந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அவ்வாறே கடல் கடந்து வந்தவை. இன்று மிளகாயும் தக்காளியும் இல்லாத ஆணத்தை நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடியாது. 'நம் பாரம்பரியச் சமையல்' என்று நாம் பெருமையோடு சொல்வதற்குள் எத்தனை நாடுகள் கலந்திருக்கின்றன என்பதற்கு இதுவே சான்று.

இங்கிலாந்தில் ஹன்னா கிளாஸ் என்பவர் 1747-இல் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்கு ஒரு குறிப்பு இருந்தது. அதன் முதற்பதிப்பில் சேர்க்கப்பட்ட மசாலா மிளகும் கொத்தமல்லி விதையும் மட்டுமே. 1784-இல் இலண்டன் நாளிதழில் கறிப்பொடிக்கு விளம்பரம் வந்தது. 1810-இல் அந்நகரின் ஜார்ஜ் தெருவில் இந்துஸ்தான் காபி ஹவுஸ் என்ற உணவகம் திறக்கப்பட்டது. பிரிட்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் இந்திய உணவகம் அதுவே. அதைத் தொடங்கியவர் பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் 1759-இல் பிறந்த ஷேக் தீன் முஹம்மது. இரண்டே ஆண்டுகளில் அவர் நொடித்துப்போனார். ஆனால் கறி அங்கே நிலைத்துவிட்டது.

நிலைத்தபோது உருவம் மாறியது. தேங்காய்ப்பால், முந்திரி, கசகசா, பொட்டுக்கடலை ஆகியவற்றை அரைத்து நாம் ஆணத்தைக் கெட்டிப்படுத்துவோம். ஆங்கிலேயரிடம் தேங்காய் இல்லை. ஐரோப்பியச் சாறுகளைக் கெட்டியாக்கப் பயன்படும் முறையை, அதாவது வெண்ணெயில் கோதுமை மாவை வறுத்துச் சேர்ப்பதை, அவர்கள் கறிக்கும் கையாண்டார்கள். இம்முறைக்கு 'ரூ' என்று பெயர். ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது இந்த மாவுக் கறிதான்.

அருவருப்பில் தொடங்கிய அறிமுகம்

1853-இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஜப்பானின் கதவைத் தட்டின. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டாருக்குத் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிய அரசின் தூதுக்குழு ஒன்று ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அக்குழுவில் இருந்த பதின்பருவ இளைஞர் ஒருவர் தம் நாட்குறிப்பில் ஒரு காட்சியைப் பதிந்திருக்கிறார். கப்பலில் வந்த இந்தியர்கள் சோற்றின்மேல் காரமான கூழ் போன்ற ஒன்றை ஊற்றி, கையால் பிசைந்து உண்டார்களாம். அது அவருக்கு மிகுந்த அருவருப்பைத் தந்ததாம். ஜப்பானியர் ஒருவர் கறிச்சோற்றைக் கண்டதாகக் கிடைக்கும் மிகப் பழைய பதிவாக இது பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது.

வலக்கையால் உண்பதை ஸுன்னத்தாகப் போற்றும் நமக்கு அந்த இளைஞரின் சொல் வருத்தம் தரலாம். ஆயினும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு தலைமுறை முகம் சுளித்த உணவை, அதே நாட்டின் பேரப்பிள்ளைகள் 'அம்மாவின் சமையல்' என்று கொண்டாடினார்கள். உணவைக் குறை சொல்லாதிருப்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பண்பு. பிடித்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். அயலார் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் கி.பி. 675-இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைத் தடை செய்தார். பௌத்தத்தின் செல்வாக்கால் பல நூற்றாண்டுகள் இறைச்சி உண்பது வெளிப்படையாக ஏற்கப்படாத வழக்கமாகவே இருந்தது. 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதாகச் செய்தி பரப்பப்பட்டது. மேற்கத்தியர் போல உடல்வலிமை பெற வேண்டும் என்பது அன்றைய அரசின் கொள்கை. அதே 1872-இல்தான் கறிக்குறிப்பு கொண்ட இரண்டு சமையல் நூல்கள் ஜப்பானிய மொழியில் வெளிவந்தன.

அவற்றுள் ஒன்றில் உள்ள குறிப்பு நம்மைத் திடுக்கிடச் செய்யும். வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, வெண்ணெய், கறிப்பொடி, மாவு என்று போகும் அப்பட்டியலில் கோழியோடும் இறாலோடும் தவளையும் சேர்க்கப்பட்டிருந்தது. ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் தவளை ஆகாது. ஜப்பானியரே பின்னர் அதைக் கைவிட்டார்கள். முதற்குறிப்பின் தவளையை நீக்கியதால் அவர்கள் கறி 'உண்மையான' கறி இல்லாமல் போய்விடவில்லை. சமையற் குறிப்பு வேதமல்ல. சமைப்பவர் தம் நாவுக்கும் நெறிக்கும் ஏற்ப அதை மாற்றிக்கொள்ளலாம். நம் வாதத்துக்கு இதுவே அடித்தளம்.

கடற்படையின் நோயும் நம் புழுங்கலரிசியும்

கறியைப் பரப்பியதில் கடற்படைக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் பின்னணியில் ஒரு கொடிய நோய் இருந்தது. பெரிபெரி எனப்படும் அந்நோயில் கால்கள் மரத்துப்போகும், வீக்கம் காணும், கடைசியில் இதயம் செயலிழக்கும். 1882-83-இல் நெடும்பயணம் சென்ற 'ரியூஜோ' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலில் 376 பேரில் 169 பேரை அந்நோய் தாக்கியது; 25 பேர் இறந்தனர். தக்காகி கனேஹிரோ என்ற கடற்படை மருத்துவர் வீரர்களின் உணவைக் கூர்ந்து கவனித்தார். அவர்கள் பெரும்பாலும் தீட்டிய வெள்ளரிசிச் சோற்றையே உண்டு வந்தார்கள். 1884-இல் 'த்சுகுபா' என்ற கப்பலை ஏறக்குறைய அதே பாதையில், இறைச்சியும் பிற தானியமும் சேர்ந்த மாற்று உணவோடு அனுப்பினார்கள். நோயுற்றோர் இருபதுக்கும் குறைவு, ஒருவரும் இறக்கவில்லை.

புரதக் குறைவே காரணம் என்று தக்காகி எண்ணினார். உண்மைக் காரணம் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தின் குறைவு என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு அச்சத்தும் போய்விடுகிறது. காரணத்தை அவர் முழுமையாக அறியாவிட்டாலும் தீர்வு பலித்தது. கப்பல்களில் மேற்கத்திய பாணி உணவு நுழைந்தது. சோற்றோடு இயல்பாகச் சேர்ந்த மாவுக் கறி அதில் இடம்பிடித்தது. 1908-இல் வெளியான கடற்படைச் சமையல் கையேட்டில் கறிச்சோற்றின் செய்முறை இருக்கிறது. இன்றும் ஜப்பானின் கடல்சார் தற்காப்புப் படையினர் வெள்ளிக்கிழமைதோறும் கறி உண்கிறார்கள். நடுக்கடலில் கிழமை மறந்துபோகாமல் இருக்க அது உதவுகிறதாம்.

இந்நோயின் கதை தமிழர் வாழ்வையும் தொட்டுச் செல்கிறது. மதுரை, திண்டுக்கல், இராமநாதபுரம், தஞ்சைப் பகுதிகளிலிருந்து பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களுக்குப் போன காலம் அது. அங்கே தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனது. புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907-இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் முன்னோர் காரணம் அறியாமலே கடைப்பிடித்த வழக்கம் உயிரைக் காத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஷின்ஜுகுவில் தங்கிய விடுதலைப் போராளி

ஜப்பானியர் கறியின் வரலாற்றில் இந்தியர் ஒருவரின் பெயர் தனித்து நிற்கிறது. 1912-இல் தில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ், 1915-இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். ஆங்கிலேயரின் நெருக்குதலால் ஜப்பானிய அரசு அவரை நாடு கடத்த முனைந்தபோது, தோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் 'நாகமுராயா' என்ற ரொட்டிக்கடையை நடத்திய சோமா தம்பதியர் அவரைத் தம் இல்லத்தில் ஒளித்துவைத்தார்கள். 1918-இல் அவர்களுடைய மகள் தோஷிகோவை அவர் மணந்தார். 1925-இல் தோஷிகோ இளமையிலேயே இறந்துபோனார்.

1927-இல் நாகமுராயா உணவகம் தொடங்கியபோது, போஸின் வழிகாட்டலில் 'அசல் இந்தியக் கறிச்சோறு' அங்கே பரிமாறப்பட்டது. மாவிட்டுக் கெட்டியாக்கிய ஆங்கிலேயர் கறியை அவர் ஏற்கவில்லை. எலும்போடு கூடிய கோழியும் நல்ல அரிசியும் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மற்றக் கடைகளில் 10, 12 சென்னுக்குக் கிடைத்த கறிச்சோறு அங்கே 80 சென். ஆயினும் மக்கள் தேடி வந்தார்கள். தன் நாட்டை அடிமைப்படுத்தியவர்களின் கைவழியே தன் உணவு அறியப்படுவதை அவர் பொறுக்கவில்லை என்றே இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பின்னாளில் இந்திய சுதந்திர லீக்கைக் கட்டியெழுப்பிய அவர், 1943-இல் அதன் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தார். அப்படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்ததை நாம் அறிவோம். அந்த இயக்கத்தில் அவரோடு இயங்கிய திருவிதாங்கூர்க்காரர் ஏ. எம். நாயர், 1949-இல் தோக்கியோவின் கின்சாவில் ஓர் இந்திய உணவகத்தைத் தொடங்கினார். நாகமுராயாவும் நாயரின் உணவகமும் வரலாற்றில் நிலைபெற்றுவிட்டன.

ஜப்பானில் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1923-இல் நிகழ்ந்த காண்டோ பெருநிலநடுக்கத்துக்குப் பின் யோகோஹாமாவிலிருந்த இந்திய வணிகர்கள் பலர் கோபே நகருக்கு இடம்பெயர்ந்தார்கள். அவர்களுள் முஸ்லிம் வணிகர்களும், ரஷ்யாவிலிருந்து அகதிகளாய் வந்த தாத்தார் முஸ்லிம்களும் பொருள் திரட்டி 1935-இல் கோபேப் பள்ளிவாசலைக் கட்டி முடித்தார்கள். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அது. 1945-இன் குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தழிந்தபோதும், 1995-இன் நிலநடுக்கத்தில் நகரம் சரிந்தபோதும் அது நிலைத்து நின்றது. அந்நாட்டில் வாழ்ந்த அந்த மக்களுக்கு இன்றைய வசதிகள் எவையும் இல்லை. ஹலால் முத்திரை அச்சிட்ட பெட்டியும் இல்லை. கிடைத்த காய்கறியையும் மீனையும் கொண்டு தம் அடுப்பிலேயே சமைப்பதுதான் அத்தகைய சிறு சமூகங்களுக்குக் கைகொடுக்கும் வழி.

பெட்டி பிறந்த கதை

நெடுங்காலம் ஜப்பானியர் வீடுகளில் கறிக்குழம்பு மாவை வறுத்தே சமைக்கப்பட்டது. கறிப்பொடி முதலில் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1923-இல் யமசாகி மினேஜிரோ என்பவர் உள்நாட்டிலேயே கறிப்பொடி தயாரித்தார். அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய எஸ் அண்ட் பி. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1950-களில்தான் மாவும் கொழுப்பும் மசாலாவும் சேர்த்து இறுக்கிய கட்டிகள் சந்தையில் பரவத் தொடங்கின. 1963-இல் ஆப்பிளும் தேனும் சேர்ந்த 'வெர்மாண்ட் கறி' வந்தது. அதுவரை பெரியவர்களின் காரமான உணவாக இருந்தது பிள்ளைகளின் உணவானது. 1968-இல் வெந்நீரில் சூடாக்கி ஊற்றிக்கொள்ளும் உறைக் கறி 'பான் கறி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1982 ஜனவரி 22-இல் நாடு முழுவதும் பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவில் கறி பரிமாற ஏற்பாடாயிற்று. அந்நாளே அங்கே கறி நாளாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1872-இல் செய்முறை அச்சேறியது. கட்டி பரவியது அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து. அந்த எண்பது ஆண்டுகளும் ஜப்பானியத் தாய்மார்கள் பெட்டி இல்லாமலே இக்குழம்பைச் சமைத்தார்கள். அவர்களுக்கு முடிந்தது நம் வீட்டுப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் முடியாதா?

ஐயம் எங்கே இருக்கிறது?

கட்டியை இறுகச் செய்வது கொழுப்பு. பல பெட்டிகளில் அது மாட்டுக் கொழுப்பாகவோ பன்றிக் கொழுப்பாகவோ இருக்கிறது. சுவைக்காக இறைச்சிச் சாறும் சேர்க்கப்படுகிறது. மாட்டுக் கொழுப்பே ஆனாலும் முறைப்படி அறுக்கப்பட்ட பிராணியினுடையதா என்ற கேள்வி எழுகிறது. பெட்டியில் தகுந்த ஹலால் சான்று இருந்தால் வாங்குவதில் தயக்கம் இல்லை. இல்லையேல் விட்டுவிடுவதே பேணுதல்.

பச்சைப் புள்ளியை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நம் நாட்டில் அப்புள்ளி, உணவில் விலங்கு இறைச்சியோ கொழுப்போ இல்லை என்பதை மட்டுமே குறிக்கிறது. மது இருக்கிறதா என்பதற்கு அது விடை தராது. ஜப்பானியச் சமையலில் அடிக்கடி வரும் 'சாக்கே' அரிசி மது. 'மிரின்' இனிப்புச் சுவையுள்ள சமையல் மது. அசல் மிரினில் சுமார் 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. "கொதித்தால் ஆவியாகிவிடும்" என்று சொல்வார்கள். அரை மணி நேரம் கொதித்த பின்னும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும் என்று அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை காட்டுகிறது. எஞ்சினாலும் எஞ்சாவிட்டாலும் மதுவை வாங்கி அடுப்பங்கரையில் வைப்பது நமக்கு உகந்ததல்ல. நல்ல செய்தி என்னவென்றால், கறிக்குழம்புக்கு இவ்விரண்டும் தேவையே இல்லை. சோயா சாஸில் நொதிக்கும்போது இயல்பாகவே உண்டாகும் சிறிதளவு ஆல்கஹால் குறித்து மார்க்க அறிஞர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உள்ளன. உங்கள் உலமாக்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அதுவும் இக்குழம்புக்குக் கட்டாயமன்று.

வெளியூர் உணவகங்களில் 'கட்சு கறி' என்று பொரித்த இறைச்சித் துண்டோடு தருவார்கள். 'தோன்கட்சு' என்றால் பன்றி. 'தோன்' என்பதன் பொருளே அது. 'சிக்கன் கட்சு' என்றால் கோழி. கோழியே ஆனாலும் அது அறுக்கப்பட்ட முறையையும், பொரித்த எண்ணெய் தனியா என்பதையும் கேட்டுக்கொள்வது நலம்.

திண்டுக்கல் சந்தையிலிருந்து

இக்குழம்புக்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை நம் மாவட்டத்திலேயே விளைகின்றன. கொடைக்கானல் மலையின் கேரட்டும் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வரும் வெங்காயமும் போதும். ஐந்து பேருக்கு எலும்பில்லாத ஹலால் கோழி அரைக் கிலோ, பெரிய வெங்காயம் மூன்று, உருளைக்கிழங்கு மூன்று, கேரட் இரண்டு, சிறிது இஞ்சி பூண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக்க வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம். மசாலாவுக்குக் கொத்தமல்லி, சீரகம், சோம்பு, மிளகு, பட்டை, கிராம்பு, ஏலம், சிறிது வெந்தயம் ஆகியவற்றை வறுத்துப் பொடித்து, மஞ்சள்தூள் கலந்து இரண்டு மேசைக்கரண்டி. மிளகாய் பெயருக்குத்தான்.

வெங்காயத்தை மெல்லிய தீயில் பழுப்பாகும்வரை வதக்குங்கள். இதில் அவசரம் ஆகாது. குழம்பின் இனிப்பும் நிறமும் இங்கிருந்தே வருகின்றன. இஞ்சி பூண்டு, கோழி, காய்கள், உப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஐந்து கோப்பைத் தண்ணீர் ஊற்றி வேகவிடுங்கள். ஆப்பிளுக்குப் பதிலாக நம் சிறுமலை வாழைப்பழம் பாதியை மசித்துச் சேர்க்கலாம். தேன் சேர்ப்பதானால் காய்களோடு முதலிலேயே சேர்த்து இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். தேனில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி உண்டு; கடைசியில் சேர்த்தால் கெட்டியான குழம்பு மறுபடியும் நீர்த்துவிடக்கூடும்.

வேறொரு சட்டியில் வெண்ணெயை உருக்கி மைதாவைத் தூவி, கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளை மாறி, பொன்னிறமாகி, வறுத்த கடலையின் மணம் வரும்போது இறக்கி மசாலாப் பொடியைக் கலந்துவிடுங்கள். அடுப்பிலேயே பொடியைக் கொட்டினால் கருகிக் கசக்கும். கொதிக்கும் குழம்பிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இம்மாவில் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்த பின்னரே, சட்டிக்குள் சேர்த்துப் பத்து நிமிடம் மெல்லிய தீயில் விடுங்கள். பெட்டிக்குள் இருப்பதும் இதே பொருள்தான். கொழுப்பு யாருடையது என்பது மட்டும் இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஜப்பானிய அரிசி குட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையுடையது. நம் சீரகச் சம்பா உருவில் சிறியதானாலும் உதிரியாக நிற்கும். அதன் மணமும் குழம்போடு போட்டியிடும். அதைப் பிரியாணிக்கே விட்டுவிட்டு, பொன்னிப் பச்சரிசியைச் சற்றுக் கூடுதல் தண்ணீரில் குழைய வடித்துக்கொள்ளலாம். முன்னர்ச் சொன்ன பி1 சத்தைக் கருதிப் புழுங்கலரிசியில் உண்டாலும் சுவை குன்றாது. தொட்டுக்கொள்ள அவர்கள் வெங்காய இனத்தைச் சேர்ந்த 'ராக்யோ'வை ஊறுகாயாக்கி வைக்கிறார்கள். நம் சின்ன வெங்காயத்தை உரித்துக் காடியில் உப்பும் சர்க்கரையும் இட்டு ஊறவைத்தால் அதே வேலையைச் செய்யும்.

உடல்நலம் குன்றியவர்களுக்கும் ஜப்பானியர் வீடுகளில் ஓர் உணவு உண்டு. 'ஒகாயு' என்று பெயர். அரிசியை மிகுந்த நீரில் குழைய வேகவைத்த கஞ்சி. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அங்கும் தாய் அதைத்தான் கரண்டியில் ஊட்டுகிறாள். ரமளான் மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்குச்சட்டியோடு நின்று நோன்புக் கஞ்சி வாங்கும் நம் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

'அது அந்நியர் உணவு' என்று பிள்ளையைத் தடுத்தால், தன் மார்க்கம் உலகத்தைக் கண்டு ஒதுங்கச் சொல்கிறது என்று அவன் எண்ணக்கூடும். பாராமல் வாங்கிக் கொடுத்தால், உண்பதில் பேணுதல் வேண்டாம் என்று கற்றுக்கொள்வான். இரண்டும் இழப்பே. பெட்டியின் பின்புறத்தை அவனையே படிக்கச் சொல்லுங்கள். எது ஆகும், எது ஆகாது, ஏன் என்று உடனிருந்து விளக்குங்கள். பிறகு அவனையும் அடுப்பருகே நிறுத்தி மாவைக் கிளறச் சொல்லுங்கள். ஹலாலைத் தேடுவது ஒரு தடை மட்டுமல்ல, அது ஓர் அறிவும் கைத்திறனும் கூட என்பதை அவன் அங்கே கற்பான்.

படிப்புக்காகவும் வேலைக்காகவும் நம் இளைஞர்கள் இன்று தொலைநாடுகளுக்குப் போகிறார்கள். நாளை அந்தப் பிள்ளையும் ஏதோ ஒரு நகரத்தில், ஹலால் கடை அருகில் இல்லாத தெருவில், தனியறையில் தங்க நேரலாம். அப்போது அவனுக்கு உதவப்போவது நாம் விதித்த தடைகளின் பட்டியல் அல்ல. கையில் கிடைத்த கிழங்கையும் மாவையும் கொண்டு ஐயமில்லாத ஒரு வேளைச் சோற்றை ஆக்கிக்கொள்ளும் பழக்கமே உதவும்.

தூய்மையானதை உண்ணவும், உண்டதற்கு நன்றி செலுத்தவும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.